பிரேரணையும் செயலும்
(ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



உள்ளூராட்சி மன்றுகளிலே சமூக நீதி பற்றிய பிரேரணைகள் வருகின்றன. ஒருவர் முன்மொழிவார், மற்றொருவர் வழிமொழிவார், ஏகமனதாக நிறைவேறும். அதன்பின் பல கூட்டக் குறிப்பேட்டிலேயே உறங்கிவிடும். இதுவே நம் கவலை.

சாதி காரணமாகக் கோயிலிலும் கிணற்றிலும் தேநீர்க்கடையிலும் ஒருவரைத் தடுப்பது குற்றமெனச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே விதித்தது. ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் நின்று போராட வேண்டியதாயிற்று. சட்டம் கொழும்பிற் பிறந்தது. அடைத்த கதவோ ஊரில் இருந்தது!

ஊர்க் கதவுகளுக்கு அண்மையில் இருப்பவை பிரதேச சபைகளே. வீதியும் சந்தையும் மயானமும் அவற்றின் பொறுப்பில் உள்ளன. ஆகவே, பிரேரணை என்றால் எந்த ஒழுங்கை, எவ்வளவு பணம், எத்தனையாந் திகதிக்குள் என்று சொல்லவேண்டும். பணம் ஒதுக்காத பிரேரணை எண்ணெயில்லா விளக்கு.

நிறைவேறியது என்னவாயிற்று என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் எழுத்திற் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவித்தல் வேண்டும். நம் இளைஞர்க்கு இஃது ஏற்ற தொண்டு.

சபையைக் கேட்கும் நாம் நமது விழாக்களையும் அவ்வாறே நோக்குவோம். அன்னதானத்தில் ஒரே பந்தியா? சிரமதானம் எந்தக் குறிச்சியில்? தண்ணீர்ப்பந்தலில் வார்க்கும் கை யாருடையது? இவற்றுக்கு நாணாமல் விடை கூறக்கூடிய மன்றமே நீதி கேட்கத் தகுதியுடையது.