தாமதமாக வந்த கடல் வண்ண மீன்கள்: பையைப் பிரிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

(கடலோர வட்டார உழவர் பயிற்சி முகாமில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



உழவியல் படித்தவன் மீனைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். யூரியா போட்டுப் பழகியவர்களுக்கு இன்று நான் சொல்லப்போவதில் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான். அந்தத் துணிவில்தான் வந்திருக்கிறேன்.

மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம், கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை வகுத்துள்ளது. குஞ்சுகளை வாங்கிச் சில மாதங்கள் வளர்த்து, கண்ணாடித் தொட்டிகளில் மீன் வைப்போருக்கு விற்பது கடலோரத்தில் ஒரு துணைத் தொழிலாக வளர்ந்து வருகிறது. இதில் பெரிய இழப்பு பெரும்பாலும் வளர்ப்பில் நேர்வதில்லை. மீன் வந்து இறங்கும் முதல் ஒரு மணி நேரத்தில்தான் நேருகிறது.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த மகளிர் குழு ஒன்று, கடன் பெற்று 50 குஞ்சுகளை வெளியூரிலிருந்து வரவழைத்தது. மறுநாள் காலை வர வேண்டிய பெட்டி, மழையால் வழியில் நின்று, ஒன்றரை நாள் கழித்தே வந்தது. பைக்குள் மீன்கள் சோர்ந்திருந்தன. ஆனால் உயிரோடு இருந்தன. அவர்கள் என்னைக் கேட்டார்கள். நான் படித்திருந்ததைச் சொன்னேன்: “பையைத் திறந்து வாளியில் ஊற்றுங்கள். காற்றுக் குழாய் போடுங்கள். தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு மீனை மாற்றுங்கள்.”

அவர்கள் சொன்னபடியே செய்தார்கள். அரை மணி நேரத்திற்குள் மீன்கள் பக்கவாட்டில் சாயத் தொடங்கின. மறுநாள் காலையில் 12 மட்டுமே மிஞ்சின. குழுவினர் என்னைக் குறை கூறவில்லை. “பயணத்தில் நலிந்துவிட்டன, ஐயா” என்றார்கள். ஒன்றரை நாள் பைக்குள் பிழைத்திருந்த மீன், நல்ல காற்று பட்டதும் ஏன் சாக வேண்டும்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடை நெல் வயலில் இருந்தது.

பைக்குள் நடப்பது என்ன?

மூடிய பைக்குள் மீன் இரண்டு கழிவுகளை வெளியிடுகிறது. ஒன்று கரியமில வாயு. மற்றொன்று செவுள் வழியே வரும் அம்மோனியா. கரியமில வாயு நீரில் சேரச் சேர, நீர் அமிலத்தன்மை அடைகிறது. நல்ல கடல் நீரின் கார அமில நிலை சுமார் 8.2. நெடுநேரம் மூடிக் கிடந்த பையில் அது 7-க்கும் கீழே இறங்கிவிடும்.

இந்த இறக்கமே மீனைக் காக்கிறது. அமில நிலையில் அம்மோனியா ஏறக்குறைய முழுவதும் அம்மோனியமாக இருக்கும். அது மீனை அவ்வளவாகத் தாக்காது. நிலை 7-ல், நஞ்சான அம்மோனியா நூற்றில் அரைப் பங்குதான். 8.2-க்கு ஏறினால் அது நூற்றில் ஆறு ஏழு பங்காகிறது. அதாவது பத்து மடங்குக்கு மேல்.

பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறுகிறது. காற்றுக் குழாய் போட்டால் இன்னும் விரைவாக வெளியேறுகிறது. சொட்டுச் சொட்டாக விடும் தொட்டி நீரும் காரநிலையை ஏற்றுகிறது. இதுவரை தூங்கிக் கிடந்த அம்மோனியா விழித்துக்கொள்கிறது. பழக்குவதாக எண்ணி, மீனை நஞ்சு நீரிலேயே ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தோம்.

நெல் வயலில் தேங்கிய நீரில் யூரியா தூவினால் என்ன ஆகிறது? நண்பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் வயல் நீரின் காரநிலை 9 வரை கூட ஏறும். அப்போது அம்மோனியா ஆவியாகி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றில் போகிறது. வயலில் அது காற்றில் போகிறது; பையில் மீனின் இரத்தத்தில் போகிறது. காரணம் இரண்டுக்கும் ஒன்றே.

வந்தவுடன் செய்ய வேண்டியவை

குஞ்சு அனுப்புவோரிடம் அவர்களுடைய நீரின் உப்புத்தன்மையை முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 28 கிராம் என்றால், உங்கள் தொட்டியையும் 28-க்கே அமைத்து வையுங்கள். கடல் நீரை நேரே எடுப்பவர்கள் உப்புமானியால் அளக்காமல் எடுக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாக் நீரிணைக் கரையில் உப்பு குறைந்துவிடும்.

பெட்டி தாமதமானால் வழியில் எவரும் இரக்கப்பட்டுப் பையை அவிழ்க்கக் கூடாது. நிழலில், தெர்மோகோல் பெட்டிக்குள், மூடியபடியே இருக்கட்டும்.

வீடு வந்ததும் விளக்கொளியைக் குறைத்து, பையைப் பிரிக்காமல் தொட்டி நீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். வெப்பநிலை சமமாகும். அதன் பின் பையைத் திறந்து, ஒரு சொட்டு நீரை உப்புமானியில் பாருங்கள். வேறுபாடு 2 கிராமுக்குள் இருந்தால், உடனே சிறு கிண்ணத்தாலோ மென்மையான வலையாலோ மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பை நீர் தொட்டியில் விழக்கூடாது.

தொட்டியில் உப்பு கூடுதலாக இருந்தால், பக்கத்தில் தயாராக வைத்துள்ள குளோரின் நீங்கிய நன்னீரைக் கலந்து, மீனை விடுமுன் தொட்டியைப் பையின் அளவுக்கு இறக்குங்கள். இனிப்புத் தண்ணீரில் வளர்ந்த நாற்றை உவர் நிலத்தில் நட்டால் வாடுகிறதே, அதுபோல உப்பு திடீரென ஏறுவதே மீனுக்குப் பெருந்துன்பம். இறங்குவதை அது ஓரளவு தாங்கும். பிறகு நாளொன்றுக்கு 1 கிராமுக்கு மிகாமல் ஏற்றுங்கள். 200 லிட்டர் தொட்டியில் 20 லிட்டரை எடுத்துவிட்டு, 35 கிராம் உப்புள்ள கடல் நீர் 20 லிட்டர் ஊற்றினால் 28 என்பது 28.7 ஆகும்.

முதல்நாள் தீனி போட வேண்டாம். மறுநாள் சிறிதளவு போடலாம்.

தனிமைத் தொட்டி ஏன்?

சந்தையில் வாங்கிய மாட்டை அன்றே பழைய மாடுகளோடு கட்டமாட்டோம். மீனுக்கும் அதே விதிதான். பயணத்தில் நலிந்த மீனிடம் நோய் எளிதில் தலைகாட்டும். வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி மீன் உடலில் சில நாள் இருந்து, பின் உதிர்ந்து, தொட்டியின் அடியில் உறைக்குள் பெருகும். புதிய குஞ்சுகள் வெளிவர 3 நாளும் ஆகலாம், 4 வாரமும் ஆகலாம், சில வேளை அதற்கு மேலும் ஆகலாம். ஆகவே புள்ளி மறைந்தது கண்டு நோய் போயிற்று என்று எண்ணாதீர்கள். புதிய மீனைக் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 6 வாரம் தனியே வையுங்கள். வலை, குழாய், வாளி எல்லாம் தனியாக இருக்க வேண்டும்.

இத்தொட்டிக்கு மணல் வேண்டாம். ஒளிந்துகொள்ளப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் போதும். வடிகட்டும் பஞ்சை 3, 4 வாரம் முன்பே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் போட்டு வைத்து எடுத்து மாட்டுங்கள். நம் மண்ணில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களைப் போன்றவை அந்தப் பஞ்சில் குடியேறியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வெண்புள்ளிக்குச் செம்பு மருந்து என்று கேட்டதும், வீட்டில் உள்ள மயில்துத்தம் நினைவுக்கு வரும். போர்டோ கலவைக்கு 100 லிட்டரில் 1 கிலோ கரைக்கிறோம். மீனுக்கு வேண்டிய செம்பு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம்தான். 200 லிட்டர் தொட்டிக்கு அதிகம் போனால் 160 மில்லிகிராம் மயில்துத்தம். ஒரு சிட்டிகைகூட இல்லை. கண்ணளவில் போட்டால் நோயோடு மீனும் போகும். மீன்வளத் துறை வல்லுநரைக் கேட்டு, செம்பின் அளவைச் சோதித்துப் பார்த்தே போடுங்கள். கடல் சாமந்தி உள்ள தொட்டியில் அறவே கூடாது.

பண்ணைக் குட்டையில் கெண்டைக் குஞ்சு விடுவோரும் இதைக் கருத்தில் கொள்ளலாம். நெடுநேரம் மூடிக் கிடந்த பையானால், வெப்பநிலை சமமானதும் திறந்து, காத்திராமல் விட்டுவிடுங்கள்.

அந்த மகளிர் குழு மீண்டும் 40 குஞ்சுகள் வாங்கியது. அந்தப் பெட்டியும் தாமதமாகவே வந்தது. இம்முறை தொட்டி நீர் முதல்நாளே பொருத்தி வைக்கப்பட்டிருந்தது. பை மிதந்தது, திறந்தது, மீன் மாறியது. இரண்டு குஞ்சுகள் மட்டுமே இறந்தன. முதல் கடனை அடைக்க அவர்களுக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கடனில் என் பங்கும் உண்டு என்பதை நான் மறக்கவில்லை. அதை நீங்களும் சுமக்க வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

பெட்டி தாமதமானால் மீனைப் பொறுமையாகப் பழக்க வேண்டும் என்று மனம் சொல்லும். பொறுமை பெட்டி வருமுன் நீரைப் பொருத்துவதிலும், வந்தபின் நான்கு வாரம் தனியே வைப்பதிலும் இருக்கட்டும். பை திறந்த பின் வேண்டாம்.