கூம்பிய விழியும் கண்புரையும்



நாம் 'கண்புரை' என்பதைக் கன்னடத்தார் 'கண்ணின பொரெ' என்பர். சொற்கள் இவ்வளவு அண்மையில் இருந்தும், பெங்களூரில் கண் மருத்துவர் முன் அமர்ந்தால் நம்மிற் பலர் கூச்சத்தால் வாய் திறப்பதில்லை. 1896-இல் தோன்றிய மிண்டோ மருத்துவமனையாயினும், 1982-இல் டாக்டர் புஜங்க செட்டி தொடங்கிய நாராயண நேத்ராலயமாயினும் இதே நிலைதான். கூம்பிய விழி உடையவர்க்கு இம்மௌனம் கேடு செய்யக்கூடும்.

கெரட்டோகோனஸ் என்னும் இந்நோயை 1854-இல் ஜான் நாட்டிங்காம் என்ற ஆங்கில மருத்துவர் விரிவாக எழுதினார். கண்ணின் முன்புறத் தெளிபடலமாகிய கார்னியா மெலிந்து கூம்புகிறது. ஒளி ஓரிடத்தில் குவியாமல் சிதறுகிறது. இச்சிதறலே அஸ்டிக்மாடிசம். முற்றிய நிலையில் இது கண்ணாடியால் தீராது. விறைப்பான கான்டாக்ட் லென்ஸ் அணிந்தால், அதன் அடியில் கண்ணீர் நிரம்பி மேடுபள்ளத்தைச் சமன் செய்கிறது.

இத்தகையவர்க்குப் புரை வந்தால், அதை அகற்றுவதினும் உள்ளே பொருத்தும் வில்லையின் சக்தியைக் கணிப்பதே கடினம். 1949-இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி முதன்முதலாக வில்லை பொருத்தியபோதே கணக்குத் தவறி, நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை நேர்ந்தது. கூம்பிய விழியிலோ தவறு பெரும்பாலும் எதிர்த்திசையில் நேரும். வழக்கமான சூத்திரங்கள் இயல்பான விழியை எண்ணி அமைந்தவை. கார்னியாவின் சக்தி மிகுத்துக் காட்டப்படுவதால், வலுக்குறைந்த வில்லை தேர்ந்து தூரப்பார்வைக் குறை நின்றுவிடும். திருத்திய சூத்திரங்கள் இப்போது உண்டு. ஆயினும் பிழை முற்றும் ஒழியவில்லை.

விறைப்பு லென்ஸ் கார்னியாவின் உருவையே மாற்றுமாதலால், அளவெடுக்குமுன் மருத்துவர் கூறும் காலம், அது சில வாரமாயினும், அதைக் கழற்றிவைக்க வேண்டும். அலுவலகம் செல்வோர்க்கு இது தண்டனைதான்! ஆனால் லென்ஸ் அணிவதையே சொல்லாமல் இருந்துவிடலாகாது.

அறுவைக்குப் பின்னும் அதை அணியப்போகிறோமா என்பதையும் முன்பே சொல்ல வேண்டும். அஸ்டிக்மாடிசத்தைத் திருத்தும் டோரிக் வில்லை, கூம்பு வளராமல் நின்று, கண்ணாடியாலேயே ஓரளவு நன்கு பார்த்தவர்க்கு உதவக்கூடும். மீண்டும் விறைப்பு லென்ஸ் அணிபவர்க்கோ அது இடையூறு. வெளிக்குறையை லென்ஸ் மறைத்துவிட, உள்ளேயுள்ள திருத்தமே புதுக்குறையாகிறது. அவர்க்குச் சாதாரண வில்லையே பொதுவாக ஏற்றது. விலை மிகுந்ததையே கேட்டு வாங்கும் நம்மவர் வழக்கம் இங்கே கைகொடாது.

கூம்பு வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பதைப் பழைய கார்னியா வரைபடங்களே காட்டும். சென்னையிலோ மதுரையிலோ எடுத்தவை பெட்டியடியில் கிடந்தால் தேடி எடுத்துச் செல்லுங்கள். அவற்றிலுள்ள எண்களைக் கன்னட மருத்துவரும் அப்படியே படித்துக்கொள்வார்.