போக்குக் காட்டும் நாய்



மே மாதம். விடிந்தும் விடியாத வேளை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், சாம்பல் பூத்த புதர்கள் படர்ந்த ஒரு வெட்டவெளி. மேட்டுச் சரிவில் புதரோடு புதராக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மடியில் துப்பாக்கி. வாயில் ஒரு சிறு ஊதுகுழல். குட்டி வலியில் கத்துவதுபோல அதை ஊதுகிறார். அவர் கூப்பிடுவது கயோட்டியை. நம் ஊர்க் குள்ளநரிக்கு நெருங்கிய சொந்தம் அது.

அவர் பக்கத்தில் ஒரு நாய், கயிறில்லாமல். சத்தம் எழுந்ததும் அது கிளம்பிவிடுகிறது. ஐம்பது மீட்டர், நூறு, இருநூறு. அவர் திரும்ப அழைக்கவே இல்லை.

பார்ப்பவருக்கு, நாய் சொல்பேச்சு கேட்கவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அப்படி அலைவதற்காகவே அதைக் கூட்டி வந்திருக்கிறார். ஏப்ரல், மே மாதங்களில் கயோட்டிகள் குட்டி போடும். அந்தச் சமயத்தில் வளைப் பக்கம் ஒரு நாய் தலைகாட்டினால் போதும், ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து விரட்ட வரும். நாய் கொஞ்சம் எதிர்த்து நிற்கும், பிறகு எசமானரை நோக்கி ஓடி வரும். துரத்துகிற வேகத்தில் கயோட்டிகளும் பின்னாலேயே வந்துவிடும்.

இதில் எனக்கு வியப்பூட்டும் நுட்பம் ஒன்று உண்டு. கயோட்டி சத்தத்தை நம்பி நேராக வருவது குறைவு. ஒரு சுற்றுச் சுற்றி, காற்று வாடையைக் கொண்டுவரும் பக்கமாக வந்து மோப்பம் பிடித்துப் பார்க்கும். மனித வாடை பட்டால் அவ்வளவுதான், மறைந்துவிடும். கண்ணெதிரே நாயைப் பார்த்துவிட்டாலோ அந்த எச்சரிக்கை தளர்ந்துபோகும். பார்வை முழுக்க நாய்மேலேயே இருக்கும். மனிதர் துப்பாக்கியைத் தூக்குவதுகூட அதன் கண்ணில் படாது.

குட்டிகள் வளையில் கிடக்கும் பருவத்தில் நடக்கிற வேட்டை இது. சொல்லும்போதே எனக்கு மனம் கனக்கிறது. செம்மறி வளர்ப்பவர்களோ, குட்டிகளுக்கு இரை தேடும் கயோட்டிகள்தான் ஆட்டுக்குட்டிகளை அதிகம் தூக்குகின்றன என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மை.

நாயை நம்பி அவிழ்த்துவிடலாமா? ஓட்டத்தின் நடுவிலும் ஒரு தரம் நின்று திரும்பிப் பார்க்கிற நாய் என்றால் விடலாம். அந்தப் பழக்கம் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். இளம் நாயைப் பழகிய நாயோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். இரண்டு கயோட்டிகள் சேர்ந்து மடக்கினால் ஒற்றை நாய் குதறப்பட்டுவிடும். மேட்டைத் தாண்டிக் கண்மறைவாகப் போகும் நாய்க்கு எசமானர் எந்த உதவியும் செய்ய முடியாது. கழுத்துப்பட்டையில் ஜிபிஎஸ் கருவி இருந்தால் அது இருக்கும் இடம் தெரியும். கூடவே ஓடிப் போய்க் காப்பாற்ற அந்தக் கருவியால் ஆகாது.

வேறு ஆபத்துகளும் மண்ணில் பதுங்கியிருக்கின்றன. கால்பொறி, சுருக்குக் கம்பி, விரியன் இனத்துக் கிலுகிலுப்பைப் பாம்பு. எல்லாவற்றையும்விடக் கொடியது சயனைடு குழல். கயோட்டிகளைக் கொல்ல அரசுத் துறையே நட்டு வைத்து வந்தது. வாடை பூசிய அதன் தலையைப் பல்லால் இழுத்தால் நஞ்சு பீய்ச்சி அடிக்கும். 2017-இல் ஐடஹோ மாநிலத்தின் பொக்கடெல்லோ ஊரருகே, ஒரு சிறுவனோடு நடந்துபோன வீட்டு நாய் இந்த நஞ்சால்தான் செத்தது. சிறுவனும் பாதிக்கப்பட்டான். 2023-இல் கூட்டாட்சி நில நிர்வாகத் துறை தன் பொறுப்பிலுள்ள நிலங்களில் இந்தக் குழல்களுக்குத் தடை போட்டது. ஆனாலும் பொறியும் கம்பியும் எங்கும் இருக்கலாம். ஆகவே, நிலத்துக்காரரிடம் எங்கே என்ன புதைந்திருக்கிறது என்று விசாரிக்காமல் நாயை இறக்கிவிடுபவரை நான் நல்ல வேட்டைக்காரர் என்று சொல்ல மாட்டேன்.

வெயில் ஏறிவிட்டது. நாய் நாக்கைத் தொங்கவிட்டு வந்து அவர் காலடியில் படுக்கிறது. அவர் துப்பாக்கியை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு பாதமாகத் தூக்கி, விரலிடுக்கில் ஏறிய சப்பாத்திக்கள்ளி முள்ளைப் பிடுங்குகிறார். பிறகுதான் தண்ணீர்க் குடுவையைத் திறக்கிறார். முதலில் நாய்க்கு.