நடக்கும் உரிமையும் ஓடும் காலணியும்

இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவு, இருங்காட்டுக்கோட்டை



இரட்டைமலை சீனிவாசன் பெயரில் நடக்கும் கூட்டத்தில் ஷூ வாங்குவதைப் பற்றியா பேசுவது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அவர் 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை நினைத்துப் பாருங்கள். பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்க, பொதுக் கிணற்றையும் குளத்தையும் பயன்படுத்த எந்த வகுப்பாருக்கும் தடை கூடாது என்பதே அதன் சாரம். தெருவில் நடப்பதற்குச் சட்டமன்றம் கூடித் தீர்மானம் போட வேண்டியிருந்த நாடு இது. தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. ஆனால் ஊர்த் தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளும் வழக்கம் அத்தோடு ஒழிந்துவிடவில்லை. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை குறித்து நடத்திய ஆய்வு 2006இல் நூலாக வந்தது. செருப்புக்கான தடை அதிலும் பதிவாகியிருக்கிறது.

தோலைப் பதப்படுத்தியவரும் தைத்தவரும் தீண்டத்தகாதவர்கள். அவர்கள் தைத்த செருப்பு மட்டும் எல்லார் வீட்டு வாசல் வரைக்கும் போகும். அதையே அவர்கள் போட்டுக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தால் குற்றம். ஆகவே காலணி நமக்கு வெறும் கடைச் சரக்கு அல்ல.

இன்று நம் பிள்ளைகளுக்கு ஓடுவதற்கு ஷூ தேவைப்படுகிறது. காவலர் தேர்வுக்குப் போகும் இளைஞர் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர். சேரியிலிருந்து விடியற்காலை கிளம்பி நெடுஞ்சாலை ஓரத்தில் ஓடிப் பழகும் பிள்ளைகளை இந்தப் பக்கம் எல்லாரும் பார்க்கிறோம். பள்ளியில் போட்ட கேன்வாஸ் ஷூவில் ஓடிப் பார்த்துக் குதிகால் வலி வந்த பிறகுதான் பலர் கடைக்குப் போகிறார்கள். அங்கே இப்போது ஒரு கேள்வி காத்திருக்கிறது: நம் நாட்டுச் சரக்கை வாங்குவதா, வெளிநாட்டுச் சரக்கை வாங்குவதா?

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது ஆம்பூரும் ராணிப்பேட்டையும் கலங்கின. உள்நாட்டுப் பொருளை வாங்குங்கள் என்ற குரலும் அப்போது ஓங்கியது. வாங்கலாம், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் உள்நாடு என்பது எது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கிருந்து காஞ்சிபுரம் தாண்டிப் போனால் செய்யாறு சிப்காட். அங்கே தைவான் நாட்டு ஃபெங் டே குழுமத்தின் ஆலை நைக்கி காலணிகளைச் செய்கிறது. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையைத் தாண்டியதும் தடா பக்கத்தில் அப்பாச்சி ஆலை. அது அடிடாஸுக்குச் செய்கிறது. இரண்டிலும் தைப்பு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களில் நம் வீட்டுப் பெண்களும் உண்டு. அவர்கள் கையில் உருவான ஷூவில் அயல்நாட்டு முத்திரை. மறுபக்கம், அசல் இந்தியப் பெயர் தாங்கிய ஷூவின் அடிப்பாகமும் துணியும் வேறு நாட்டிலிருந்து வந்திருக்கலாம். இதில் எது உள்நாட்டுச் செருப்பு? முத்திரை ஒரு நாடு, முதலாளி ஒரு நாடு, கை ஒரு நாடு. சுதேசி பேசுகிறவர்கள் முத்திரையைப் பார்க்கிறார்கள். நாங்கள் கையைப் பார்க்கச் சொல்கிறோம்.

கையைப் பார்ப்பது எப்படி? முதலில் பெட்டியைப் படியுங்கள். 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் எந்த நாடு என்பதும் வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ‘தயாரித்தவர்’ ஒருவராகவும் ‘விற்பனை செய்பவர்’ இன்னொருவராகவும் இருந்தால் அந்த முதல் பெயர்தான் நமக்கு வேண்டியது. சில பெட்டிகளில் அது ஆலையின் முகவரியாக இருக்கும். சிலவற்றில் ஏதோ ஒரு நகரத்து அலுவலகத்தோடு நின்றுவிடும்.

அடுத்தது ஐ.எஸ்.ஐ. முத்திரை. விளையாட்டுக் காலணிக்கான தரநிலை ஐ.எஸ். 15844. விலையையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, அதற்கு மேல் 18. கடைக்கு மாலையில் போங்கள், அப்போதுதான் பாதம் சற்று விரிந்திருக்கும். பெருவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு வாங்குங்கள். ஷூவை வளைத்துப் பார்த்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் முறுக்கினால் துவளக் கூடாது. பார்வைக்கு ஓட்டக் காலணிபோல் இருந்துகொண்டு உள்ளே வெறும் ரப்பர் கட்டையாக இருப்பவை நிறைய விற்கின்றன.

ஆனால் அந்தத் தரநிலை எதைச் சோதிக்கிறது? சோல் மடங்கி மடங்கி விரிசல் விடுகிறதா, ஒட்டு பிரிகிறதா என்று சோதிக்கிறது. தைத்தவரின் முதுகு எத்தனை மணி நேரம் மடங்கியிருந்தது என்று கேட்பதில்லை. அப்பரையும் சோலையும் ஒட்டும் பசையின் நெடியை யார் சுவாசித்தார், அங்கே காற்று வெளியேற வழி இருந்ததா என்றும் கேட்பதில்லை. இங்கே ஒரு வேடிக்கை. 1990களில் தொழிலாளர் அமைப்புகளும் மாணவர்களும் உலகெங்கும் நெருக்கடி கொடுத்ததால், நைக்கி தனக்குச் செய்து தரும் ஆலைகளின் பட்டியலை 2005இல் வெளியிட்டது. அது நல்ல மனத்தால் நடந்ததல்ல, வெட்கப்படுத்தியதால் நடந்தது. நம் நாட்டு முத்திரைகளை யாரும் அப்படி வெட்கப்படுத்தவில்லை. நாட்டுப் பற்றைச் சொல்லி விற்கிறவரிடம், உங்கள் ஆலை எங்கே, அங்கே சங்கம் உண்டா என்று கேட்பது நாட்டுத் துரோகம் ஆகாது. பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தது, சங்கம் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். விளையாட்டுக் காலணியில் தோல் குறைவு. செயற்கைத் துணி, நுரை, ரப்பர். தமிழ்நாடு அரசின் 2022ஆம் ஆண்டுக் காலணிக் கொள்கைக்குப் பிறகு பெரிய முதலீடுகள் இந்தத் தோலில்லாக் காலணிக்கே வருகின்றன. தோல் போனதும் தொழிலின் மேலிருந்த தீட்டும் போய்விட்டது. நேற்றுவரை மூக்கைப் பொத்தியவர்கள் இன்று முதலீட்டாளர் மாநாட்டில் முன்வரிசையில் இருக்கிறார்கள். இது உங்கள் சாதித் தொழில் என்று இனி யாரும் நம்மிடம் சொல்ல முடியாது என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். அருந்ததியர் வீட்டுப் பிள்ளை குத்தூசியைத் தொடாமலே வாழலாம், வாழட்டும். ஆனால் தொழில் இழிவாக இருந்தவரை நம்முடையது என்றார்கள். லாபம் வந்ததும் நாம் தைப்பு வரிசையில் மட்டும் இருக்கிறோம். வரைபட மேசையிலும் கொள்முதல் அறையிலும் முதலாளி நாற்காலியிலும் நம்மவர் எத்தனை பேர்?

இருங்காட்டுக்கோட்டை என்றால் எல்லாருக்கும் கார் ஆலைதான் நினைவுக்கு வரும். இதே சிப்காட்டுக்குள் ஒன்றிய அரசின் காலணி வடிவமைப்பு மேம்பாட்டு நிறுவனம், எஃப்.டி.டி.ஐ., இருக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் அது. பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு உண்டு. இதே சாலையில் ஷிஃப்ட் பஸ்ஸில் போய் வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாமல் இருக்கக் கூடாது. இங்கே வந்திருக்கும் மாணவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகளிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள்.

வாங்குகிறவர் என்றதும் நாம் தனி ஆளையே நினைக்கிறோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணி கொடுக்கும் மாநில அரசைவிடப் பெரிய வாடிக்கையாளர் யார்? ஒன்றிய அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரின் சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டுக் கொள்கை சொல்கிறது. பள்ளிக் காலணியின் ஒப்பந்தப் புள்ளிகளில் அப்படி ஒரு பங்கைக் கேட்டு எழுத வேண்டியது நம் வேலை. ஒருவர் ஒரு ஜோடி வாங்குவதைவிட அதற்குக் கனம் அதிகம்.

மன்றத்தின் சார்பில் இந்த ஆண்டு, தேர்வுக்கு ஓடும் பிள்ளைகளுக்குக் காலணி வாங்கித் தருவதாக முடிவு செய்திருக்கிறோம். வாங்குமுன் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதுவோம். இந்த ஷூ எந்த ஆலையில் செய்யப்பட்டது, அங்கே தைப்பவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, சங்கம் இருக்கிறதா என்று மூன்றே கேள்விகள். வரும் பதில்களை அப்படியே அடுத்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவு நூலின் பின்பக்கங்களில் அச்சிடுவோம். பதில் எழுதாதவர்களின் பெயர்களும் அதில் இருக்கும்.