வீட்டில் என்ன எரிந்தது?



பிரிட்டனின் வட்டாரச் சமையலுக்கு ஒரு கருத்தரங்கா என்று அழைப்பிதழைப் பார்த்தவர்களில் சிலராவது சிரித்திருப்பீர்கள். குழைய வெந்த முட்டைக்கோஸ், சாரமிழந்த இறைச்சி, இவற்றைத் தாண்டி அங்கே பேச என்ன இருக்கிறது என்ற ஏளனம் உலகெங்கும் உண்டு. பிரிட்டன்காரர்களே அதைச் சொல்லிக்கொள்வதும் உண்டு. 1945 டிசம்பரில், போர் ஓய்ந்த முதல் குளிர்காலத்தில், ஜார்ஜ் ஆர்வெல் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் தம் நாட்டுச் சமையலுக்காக வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். கிப்பர் மீன், யார்க்‌ஷயர் புட்டிங், டெவன்ஷயர் கிரீம் என்று அடுக்கிக்கொண்டு போனவர், ஓரிடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். நல்ல பிரிட்டிஷ் சாப்பாடு வேண்டுமானால் யாராவது தம் வீட்டுக்கு அழைக்க வேண்டும், உணவகத்தில் அது கிடைப்பது அரிது என்றார்.

அவருடைய பட்டியலைவிட இந்த ஒப்புதல்தான் நமக்குப் பயன்படும். பிரிட்டிஷ் சமையலுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தவர்கள் பெரும்பாலும் விடுதிகளிலும் ரயில் நிலையங்களிலும் பள்ளிக்கூட உணவுக் கூடங்களிலும் சாப்பிட்டவர்கள். வீட்டு அடுப்பை அவர்கள் பார்த்ததே இல்லை. வீட்டுச் சமையலை அளக்க வேறு அளவுகோல் வேண்டும். ஒரு வட்டாரத்தின் உணவைப் புரிந்துகொள்ள, அங்கே என்ன விளைந்தது என்று கேட்கிறோம். சரியான கேள்விதான். ஆனால் அதற்கும் முன்னால், அந்த வீட்டில் என்ன எரிந்தது என்று கேட்க வேண்டும் என்பது என் துணிபு.

இதைக் கேட்க வைத்தவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த இருவர். பிரெடரிக் மார்ட்டன் ஈடன் 1797இல் ஏழைகளின் நிலை குறித்து மூன்று தொகுதிகள் வெளியிட்டார். வட இங்கிலாந்துத் தொழிலாளி ஓட்ஸ் கஞ்சியும் பார்லிக் கூழும் உருளைக்கிழங்கும் பாலுமாக, குறைந்த செலவில் சூடாகவும் வயிறாரவும் சாப்பிடுகிறான். தெற்கத்தியானோ கடையில் வாங்கிய கோதுமை ரொட்டி, கொஞ்சம் சீஸ், தேநீர் என்று காசைக் கரைக்கிறான் என்பது அவர் கண்டது. தெற்கத்தியானுக்குச் சிக்கனம் தெரியவில்லை என்று அவர் முடிவுகட்டினார். ஆனால் ஈடனுக்கு இரண்டாண்டு முன்பே, 1795இல், பெர்க்‌ஷயரில் பார்க்கம் என்னும் சிற்றூரின் பாதிரியார் டேவிட் டேவிஸ், தம் ஊர்க் குடும்பங்களின் வரவு செலவைத் தாமே கேட்டு எழுதி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டபின் விறகு பொறுக்க இடமில்லை, பசு மேய்க்க இடமில்லை. பால் போனபின் மிஞ்சியது தேநீர்தான் என்று அவர் காட்டினார். கூழ் காய்ச்ச ஒரு மணி நேரம் அடுப்பு எரிய வேண்டும். தேநீருக்கு ஒரு கெண்டி வெந்நீர் போதும். பசியாற்றும் வழியை அங்கே சிக்கனமோ சோம்பலோ தீர்மானிக்கவில்லை, விறகுதான் தீர்மானித்தது. ஈடனிடம் எண்கள் நிறைய இருந்தன. இருந்தாலும் என் வாக்கு பாதிரியாருக்கே.

வடக்கே நிலக்கரிச் சுரங்கங்கள் அருகில் இருந்தன. யார்க்‌ஷயரிலும் டர்ஹமிலும் தொழிலாளி வீட்டில்கூட நாள் முழுவதும் கணப்பு எரிந்தது. பின்னாளில் கணப்போடு பக்கத்தில் ஓவனும் பொருத்திய வார்ப்பிரும்பு அடுப்புகள் வந்தபோது வீட்டிலேயே ரொட்டி சுடும் வழக்கம் அங்கே வலுப்பட்டது. தெற்கே எரிபொருளை எண்ணி எண்ணிச் செலவிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்ட்‌ஷயரின் ஒரு குக்கிராமத்தில் 1880களில் கழிந்த தம் இளமையை வைத்து ஃப்ளோரா தாம்சன் 1939இல் ‘லார்க் ரைஸ்’ எழுதினார். அதில் மாலை உணவு சமைக்கும் முறையை ஆய்வாளர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். வீட்டுக்கு ஒரே பானை. அதில் கொதிக்கும் தண்ணீரில் ஒரு துண்டு பேக்கன் இறங்கும். கீரை ஒரு வலைப்பையில், உருளைக்கிழங்கு இன்னொரு வலைப்பையில், மாவுருண்டை ஒரு துணியில். எது எப்போது இறங்க வேண்டும் என்ற கணக்கு பெண்ணின் தலைக்குள் இருந்தது. எல்லாம் ஒன்றாக வெந்து ஒன்றாக மேசைக்கு வரும். இதில் கவனிக்க வேண்டியது, முதலில் பரிமாறப்பட்டது மாவுருண்டை. பசியின் கூர் அதில் மழுங்கியபின்தான் இறைச்சி.

யார்க்‌ஷயருக்கு வாருங்கள். அங்கே மாவும் முட்டையும் பாலும் கலந்த கரைசலை, வாட்டும் இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பில் ஊற்றிச் சுட்டார்கள். 1747இல் ஹன்னா கிளாஸ் தம் சமையல் நூலில் அதற்கு யார்க்‌ஷயர் புட்டிங் என்று பெயரிட்டு எழுதினார். அந்த வட்டார வீடுகளில் அதையும் இறைச்சிக்கு முன்னால்தான், கிரேவி ஊற்றித் தனியாகப் பரிமாறினார்கள். தெற்கே துணியில் கட்டி வேகவைத்தது, வடக்கே அனலில் உப்பியது. கருவி வேறு, எரிபொருள் வேறு. இரண்டின் நோக்கமும், கொஞ்சம் இறைச்சியை நிறைய வயிறுகளுக்கு எட்டவைப்பது. இன்றைய உணவகத் தட்டில் இறைச்சியோடு ஓரமாக ஒட்டிக்கொண்டு வரும் புட்டிங்கைப் பார்த்தால் இந்தக் கணக்கு எதுவும் விளங்காது.

இனி ஓட்ஸ். ஈரம் மிகுந்து கோடை குறுகிய மேட்டு நிலங்களில் கோதுமை முற்றாது, ஓட்ஸ் விளையும். ஆகவே ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட இங்கிலாந்து மூன்றிலும் ஓட்ஸ் ரொட்டி உண்டு. ஆனால் அது ஒரே ரொட்டி இல்லை. ஸ்காட்லாந்தில் ஓட்ஸ் மாவில் உப்பும் கொழுப்பும் வெந்நீரும் சேர்த்து இறுகப் பிசைந்து, வட்டமாகத் தேய்த்து, நான்காக வெட்டி, இரும்புக் கல்லில் வாட்டுவார்கள். முனைகள் மேல்நோக்கிச் சுருளும், கடித்தால் நொறுங்கும். வேல்ஸில் உள்ளங்கையால் தட்டித் தட்டி மெல்லிய வட்டமாக்குவார்கள்; உடைத்து மோரில் போட்டுச் சாப்பிடுவதும் உண்டு. யார்க்‌ஷயரில் புளித்த கரைசலைச் சூடான கல்லின் மேல் நீளவாக்கில் வீசிச் சுட்டு, சமையலறைக் கூரையடியில் தொங்கும் சட்டத்தில் துணிபோல உலர்த்தினார்கள். ஸ்டாஃபோர்ட்‌ஷயரிலோ ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைத்த கரைசலைக் கல்லில் ஊற்றி இருபுறமும் சுட்டு, துளைகளோடு மென்மையாக எடுத்து, உள்ளே சீஸும் பேக்கனும் வைத்துச் சுருட்டுகிறார்கள். நம் தோசைக்கல்லின் முன்னால் நின்று பழகியவருக்கு அந்தக் கரைசலின் பதத்தைப் பற்றி விளக்கம் தேவைப்படாது. ஸ்டோக் நகரின் ஹான்லி பகுதியில், வரிசை வீடு ஒன்றின் முன்னறை ஜன்னல் வழியாகவே இதைச் சுட்டு விற்ற கடை 2012 வரை நடந்தது. ஒரே தானியம், ஒரே தட்டைக் கல். நூறு, இருநூறு மைல் தொலைவுக்குள் இத்தனை வேறுபாடு! பிரிட்டனின் வீட்டுச் சமையலில் வகை இல்லை என்று சொல்பவரிடம் நான் வேறு சான்று காட்டுவதில்லை.

வளத்தைப் பற்றிப் பேசும்போது வறுமையை மறக்க வேண்டாம். மேற்கு யார்க்‌ஷயரின் கால்டர் பள்ளத்தாக்கில் இளவேனிலில் டாக் புட்டிங் என்று ஒன்று செய்வார்கள். டாக் என்பது பரவலாக அறியப்பட்ட ஒரு களைச்செடி. இந்தப் பண்டத்துக்குப் பறிப்பதோ பிஸ்டார்ட் என்னும் வேறு செடியின் இளந்தளிர். அதோடு காஞ்சொறியின் கொழுந்து, வெங்காயம், ஒரு கை ஓட்ஸ் சேர்த்துக் கறுத்த பச்சை நிறத்தில் கெட்டியாகும்வரை வேகவைக்கிறார்கள். ஆறவைத்துச் சேமித்து, வேண்டும்போது ஒரு கரண்டி எடுத்து பேக்கன் கொழுப்பில் பொரிக்கிறார்கள். குளிர்காலச் சேமிப்பு தீர்ந்து தோட்டத்துக் காய் இன்னும் வராத இடைவெளியில் வேலியோரம் முளைத்த கீரை அது. அதன் நிறத்தைப் பார்த்து முகம் சுளிக்காத வெளியூர்க்காரர் குறைவு. இன்று அந்தப் பள்ளத்தாக்கில் அதற்குப் போட்டியே நடத்துகிறார்கள். பஞ்சத்து உணவு பெருமைக்குரிய பண்டமாவது நல்லதுதான், ஆனால் அது பஞ்சத்து உணவாக இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுவோம்.

உள்ளூர் என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். வடமேற்கே கம்பர்லாந்தில் வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, ரம், ஜாதிக்காய் சேர்த்து ரம் வெண்ணெய் செய்வார்கள். குழந்தை பிறந்த வீட்டுக்கு வருபவர்களுக்கு ஓட்ஸ் ரொட்டியோடு அதைக் கொடுப்பது வழக்கம். மலையும் மழையும் ஆடுமாக இருக்கும் அந்த நாட்டில் ரம்முக்கும் ஜாதிக்காய்க்கும் என்ன வேலை? வைட்ஹேவன் துறைமுகம்தான் விடை. பதினெட்டாம் நூற்றாண்டில் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையும் ரம்மும் அங்கே இறங்கின. அடிமை வணிகத்திலும் அந்தத் துறைமுகத்துக்குப் பங்குண்டு. பிறந்த குழந்தைக்கான இனிப்பில் கரும்புத் தோட்டத்து அடிமையின் உழைப்பு கலந்திருக்கிறது. கடல் கடந்து வந்தவை இவை மட்டுமல்ல. ஹன்னா கிளாஸின் அதே 1747ஆம் ஆண்டு நூலில் ‘கறி’க்கும் ஒரு செய்முறை உண்டு; அரிசியோடு, வறுத்த கொத்துமல்லியும் மிளகும் சேர்த்தது. நம் மிளகுத்தண்ணீர் முல்லிகட்டானி சூப்பாகி எலைசா ஆக்டனின் 1845ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்ற கதை இங்கு எல்லோருக்கும் தெரியும். அதில் நான் நேரம் செலவிடப் போவதில்லை.

இத்தனையும் நமக்கு எப்படிக் கிடைத்தன? பல்கலைக்கழகங்கள் சமையலறைக்குள் வர நெடுங்காலம் தயங்கின. ஃப்ளோரன்ஸ் ஒயிட் 1928இல், அறுபத்தைந்து வயதை ஒட்டி, இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சமையலுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். நான்காண்டுகளில், 1399 முதல் 1932 வரையான செய்முறைகள் அடங்கிய ‘குட் திங்ஸ் இன் இங்கிலாந்து’ வந்தது. ஆர்க்னித் தீவில் பிறந்த மரியன் மெக்நீல் 1929இல் ‘த ஸ்காட்ஸ் கிச்சன்’ எழுதினார். கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தின் மின்வெல் டிபட், வேல்ஸ் முழுவதும் முதிய பெண்களைத் தேடிச்சென்று அவர்கள் சமைத்ததையும் சாப்பிட்டதையும் அவர்கள் வாய்மொழியிலேயே பதிவு செய்தார். அதன் விளைவாக 1976இல் ‘வெல்ஷ் ஃபேர்’ வெளிவந்தது. மூவரில் எனக்கு முன்னோடி டிபட்தான். செய்முறையோடு நிற்காமல், எந்த அடுப்பு, எந்தக் கிழமை, யாருக்கு முதலில் பரிமாறினீர்கள் என்ற திசையில் அவர் பதிவுகள் சென்றன.

அவர்கள் பதிவு செய்யாதிருந்தால் பல தொலைந்திருக்கும். 1851 மக்கள்தொகைக் கணக்கிலேயே இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகள். தோட்டமும் கொல்லையில் வளர்த்த பன்றியும் அவர்களைவிட்டுப் போயின. அடுத்த அடி உணவுப் பங்கீடு. 1940 ஜனவரியில் தொடங்கி 1954 ஜூலை வரை நீடித்தது. போர்க்காலத்தில்கூடப் பங்கீட்டுக்கு வராத ரொட்டி, போர் முடிந்தபின் 1946 முதல் 1948 வரை பங்கீட்டுக்கு வந்தது. சீஸுக்கான பால் பெரும்பகுதி ஒரே வகை அரசாங்கச் செடாருக்குத் திருப்பப்பட்டது; வட்டாரத்துக்கு வட்டாரம் மாறிய பண்ணை சீஸ்கள் பல நின்றுபோயின. பதினான்கு ஆண்டு என்பது தாயிடமிருந்து மகள் சமையல் கற்கும் காலம். அந்தத் தொடர்ச்சி அறுபட்ட வேளையில், பழைய சமையலைப் பற்றி டாரதி ஹார்ட்லி தம் கையால் படம் வரைந்து எழுதிய ‘ஃபுட் இன் இங்கிலாந்து’ பங்கீடு முடிந்த அதே 1954இல் வெளிவந்தது.

இன்று காப்பாற்றும் வேலையைச் சட்டம் எடுத்துக்கொண்டிருக்கிறது. கார்ன்வாலின் மாவுப் பொதியான பாஸ்ட்டிக்கு 2011இல் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. அதன் விதிகள்: மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, டர்னிப், வெங்காயம், பக்கவாட்டில் மடிப்பு, இறைச்சி குறைந்தது 12.5 விழுக்காடு. வணிகத்துக்கு இது நன்மை. ஆனால் கார்ன்வால் வீடுகளில் கையிருப்பில் உள்ளதே பாஸ்ட்டிக்குள் போயிற்று: மீன், முட்டை, லீக், இல்லாத நாளில் உருளைக்கிழங்கு மட்டும். ஓரத்தில் சாப்பிடுகிறவரின் பெயரெழுத்தைப் பொறித்ததற்குக் காரணமே, ஒவ்வொருவருக்கும் உள்ளே வேறுவேறாக இருந்ததுதான் என்பார்கள். சட்டம் ஒன்றைப் பாதுகாக்கிறது. வீடு பலவற்றை வைத்திருந்தது. சுரங்கத்தொழிலாளி ஆர்சனிக் படிந்த விரலால் பிடித்த மடிப்பைத் தூக்கி எறிந்தான் என்ற கதையையும் இந்த மேடையில் யாரும் சான்றின்றிச் சொல்லாதிருந்தால் மகிழ்வேன்.

கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். ஒவ்வொரு பண்டத்தைப் பற்றிப் பேசும்போதும் எந்த ஊர், எந்தக் காலம், என்ன எரிபொருள், சமைத்தவர் யார், அவர் கடைசியாகச் சாப்பிட்டாரா என்பதைச் சொல்லுங்கள். சான்று கிடைக்காத இடத்தில் கிடைக்கவில்லை என்றே சொல்லுங்கள். அந்த இடைவெளியை அடுத்து வருபவர் நிரப்புவார். முதல் அமர்வு ரொட்டியும் கல்லும் பற்றியது. கட்டுரையாளர்களை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.