மரத்தில் வாழும் சிவப்புப் பாண்டா



இன்று சிவப்புப் பாண்டாவைப் பற்றிப் பேசுகிறேன். நான் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

பாண்டா என்றதும் கறுப்பும் வெள்ளையுமான பெரிய விலங்கு நினைவுக்கு வரும். அது சீனாவில் வாழ்வது. இது வேறு. ஆனால் பாண்டா என்ற பெயர் முதலில் இதற்குத்தான் இருந்தது.

இது பூனையைவிடக் கொஞ்சம் பெரியது. முதுகு சிவப்பு. வயிறும் கால்களும் கறுப்பு. நீண்ட வாலில் வளையம் வளையமாகக் கோடுகள். இமயமலையில் இது வாழ்கிறது. நம் நாட்டில் சிக்கிம், அருணாசலப் பிரதேசம், மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் பக்கம் உண்டு. சிக்கிமின் மாநில விலங்கே இதுதான்.

அங்கே கடுங்குளிர். பனி கொட்டும். அதனால் இதன் உள்ளங்காலிலும் முடி இருக்கிறது. தூங்கும்போது வாலையே போர்வையாகச் சுற்றிக்கொள்ளும்!

இதற்கு முக்கிய உணவு மூங்கில் இலை. பெரிய மரங்களின் நிழலில் சிறு மூங்கில் புதராக வளரும். அதன் இளந்தளிரைப் பறித்துத் தின்னும். மூங்கிலில் சத்துக் குறைவு. தின்றதில் பெரும்பகுதி செரிப்பதும் இல்லை. ஆகவே நாளில் பல மணி நேரம் தின்றுகொண்டே இருக்க வேண்டும். மூங்கில் அழிந்தால் இதற்கு வேறு வழி இல்லை.

தூங்குவது மரத்தில். குட்டி போடுவது மரப்பொந்தில். மரத்தை வெட்டினால் வீடும் போயிற்று.

மரத்தை யார் வெட்டுகிறார்கள்? அங்கும் ஏழை மக்கள் விறகுக்குக் காட்டைத்தான் நம்பி இருக்கிறார்கள். அடுப்பு எரிய வேண்டுமே! அவர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாடு மேய்ப்பவர்களுடன் நாய்களும் காட்டுக்குள் போகின்றன. அவை பாண்டாவைக் கடித்துக் கொல்கின்றன. நாய்களின் நோயும் இதற்குத் தொற்றுகிறது. வேறு விலங்குக்கு வைத்த கண்ணியில் இது மாட்டிக்கொள்வதும் உண்டு. இதை வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். பக்கத்து நாடான நேபாளத்தில் கிராமத்து மக்களே காட்டுக் காவலர்களாக வேலை செய்கிறார்கள். அதற்குச் சம்பளமும் உண்டு. இது எனக்குப் பிடித்திருக்கிறது.

டார்ஜிலிங் விலங்குக் காட்சிச் சாலையில் சிவப்புப் பாண்டாக்களை வளர்க்கிறார்கள். 2003-இல் அங்கிருந்து இரண்டு பெண் பாண்டாக்களைச் சிங்கலிலா காட்டில் விட்டார்கள். கூண்டில் வளர்ந்தவை காட்டில் பிழைக்குமா என்று கவலை. அடுத்த ஆண்டு அவற்றில் ஒன்று குட்டி போட்டது. காட்டில், ஒரு மரப்பொந்தில்.