மணவிலக்கு வழக்கும் மனையில் வாழும் உரிமையும்

(சிங்கம்புணரி மகளிர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கயிறு திரிக்கும் தொழிலால் பெயர் பெற்றது இச்சிங்கம்புணரி. உழைத்துப் பொருளீட்டி இல்லத்தைத் தாங்கும் பெண்கள் இங்கே பலர். ஆயினும், மணவிலக்கு வழக்குத் தொடங்கியதும், “இனி இவ்வீட்டில் உனக்கு இடமில்லை” என்று பெண்ணை அடித்து விரட்டும் கொடுமை நாட்டில் இன்னும் ஒழியவில்லை. “தீர்ப்பு வரும்வரை பொறுத்துக்கொள்” என்று சுற்றத்தாரும் சொல்லிவிடுகின்றனர். அவ்வாறு பொறுத்திருக்க வேண்டுவதில்லை என்பதே நான் கூற வந்த செய்தி.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அடிப்பது மட்டுமன்று, இழிமொழி கூறுதலும், பாலியல் கொடுமையும், செலவுக்குப் பணம் தராது வருத்துதலும் இச்சட்டப்படி வன்முறையே. மணவிலக்கு வழக்கு நடைபெறும் நீதிமன்றத்திலேயே பாதுகாப்புக் கோரலாம். நீதித்துறை நடுவரிடம் தனியே விண்ணப்பிக்கவும் செய்யலாம். தாய்வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் பெண், அவ்வூருக்குரிய நடுவரிடமே விண்ணப்பிக்கலாம். அவசரமாயின், எதிர்த்தரப்பைக் கேட்பதற்கு முன்னரே நடுவர் இடைக்கால ஆணை பிறப்பிக்க இயலும். பாதுகாப்பு ஆணையை மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

“வீடு மாமனார் பெயரில் இருக்கிறதே!” என்பர் சிலர். மணவிலக்கு வழக்கு நடந்துகொண்டிருந்த டில்லிக் குடும்பம் ஒன்றில் இவ்வினாவே எழுந்தது. கணவனின் உறவினருக்கு உரிய வீடாயினும், அப்பெண் குடும்பமாக வாழ்ந்த இல்லமெனில், அங்கே தங்கும் உரிமையை அவள் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 15 அன்று தீர்ப்பளித்தது. வீட்டிலுள்ள முதியோரின் அமைதியையும் நீதிமன்றம் சீர்தூக்கிப் பார்க்கும். ஆயினும், சட்டமுறைப்படியன்றி அவளை வெளியேற்றுதல் ஆகாது.

உதவி நாடுவோர் சிவகங்கை மாவட்டச் சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். 181 என்னும் எண்ணில் தொலைபேசியிலும் முறையிடலாம். வருமானம் எவ்வளவாயினும், பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

அண்டை வீட்டாருக்கும் கடமை உண்டு. வன்முறையை அறிந்த எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தந்தவர்மீது சட்டப் பொறுப்பு எதுவும் சாராது. ஆகவே, அடுத்த வீட்டில் அழுகுரல் கேட்டால், “அது அவர்கள் குடும்ப விவகாரம்” என்று கதவைச் சாத்தாதீர்கள். மணவாழ்வு முறியலாம், அதன் பொருட்டு ஓர் உயிர் அல்லலுறுதல் கூடாது. இச்செய்தியை ஒவ்வொரு வீட்டிற்கும் கொண்டுசெல்லுமாறு வேண்டி அமைகிறேன்.